குட்டிப் பசங்களுக்கான தீம் விளையாட்டு, கிராஃப்ட்: உதவிக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வில்லிவாக்கத்துல எங்க தெரு நலச்சங்கத்துக்கு ஒரு சின்ன ஹால் இருக்கு. அங்க சனிக்கிழமை காலையில 10 மணிக்கு, 3 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்கள உக்கார வெச்சு ஏதாவது ஒரு தீம் எடுத்து விளையாட்டும் கிராஃப்ட்டும் நடத்துறோம், ஆறு வருஷமா நடக்குது. ஒருத்தர் முன்னாடி நின்னு நடத்துவாங்க, மத்தவங்க கூட இருந்து உதவி பண்ணுவோம். காலேஜ் படிக்கிற பொண்ணுங்க, ரிட்டயர் ஆன சார், குழந்தைய கொண்டு வந்து விட்டுட்டு வெளிய காத்திருந்த அம்மா, இப்படி யார் யாரோ உதவிக்கு வர்றாங்க, எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட இதே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸப்ல தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டுட்டு இருந்தேன், இப்போ எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். உங்க அபார்ட்மென்ட்லயோ தெருவுலயோ இத மாதிரி ஆரம்பிக்கணும்னு நினைச்சா அதுக்கும் இது உதவும்.

எனக்கு சுத்தமா வரைய வராது. நான் வரலாமா?

தாராளமா வாங்க. உண்மைய சொல்லணும்னா நல்லா வரையுறவங்கள நினைச்சாதான் எனக்கு கொஞ்சம் பயம், ஏன்னா அவங்க கை சும்மா இருக்காது. ஒரு தடவை யானை தீம். நாலு வயசுப் பையன் ஒருத்தன் யானைக்கு கண்ண வயித்துல ஒட்டிட்டான். உதவிக்கு வந்திருந்த பொண்ணு ரொம்ப நல்ல மனசுக்காரிதான், "இங்க இருக்கணும் கண்ணா"ன்னு அத மெதுவா எடுத்து தலையில ஒட்டி விட்டுட்டா. பையன் ஒண்ணுமே பேசல, தாள அப்படியே தள்ளி வெச்சுட்டான், அதுக்கப்புறம் அன்னைக்கு எதையும் தொடல. வீட்டுக்குப் போனதும் அவங்க அம்மா கிட்ட "யானை வயித்துல இருக்குற குட்டி யானை பாக்குறதுக்குத்தான் அந்தக் கண்ணு"ன்னு சொல்லியிருக்கான். அடுத்த வாரம் அந்த அம்மா வந்து சொன்னப்போ எங்க நாலு பேருக்கும் தொண்டை அடைச்சுருச்சு.

அன்னையில இருந்து எங்க ஹால்ல ஒரே ஒரு விதி: நம்ம கை குழந்தையோட தாள் மேல படக்கூடாது. எப்படி ஒட்டுறதுன்னு காட்டணும்னா நமக்குன்னு தனியா ஒரு தாள் வெச்சுக்கிட்டு அதுல காட்டணும். இது ஒண்ணு முடியும்னா நீங்க வரலாம், வரையத் தெரியுமா தெரியாதாங்கறது எங்களுக்கு முக்கியமே இல்ல.

கை வெக்கக்கூடாதுன்னா அப்புறம் எனக்கு என்னதான் வேலை?

நிறைய இருக்கு, சொல்லப்போனா முக்கால்வாசி வேலை குழந்தைங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். தரையில பழைய பேப்பர் விரிக்கிறது, ஆளுக்கு ஒரு தட்டு எடுத்து அதுல வேண்டியத மட்டும் வெக்கிறது (அம்பது கலர நடுவுல கொட்டினா சண்டைதான் நடக்கும், கிராஃப்ட் நடக்காது), பசைய சின்ன மூடியில ஊத்தி வெக்கிறது, கை துடைக்க ஈரத்துணி, பெரிய ஓட்டை போடறது, தடி அட்டைய வெட்டி வெக்கிறது, இதெல்லாம் நம்ம வேலை.

குழந்தைங்க வந்ததுக்கப்புறம் ஒரு ஆளுக்கு நாலு இல்ல அஞ்சு குழந்தை. அவங்க தரையில உக்காந்திருந்தா நீங்களும் தரையில உக்காரணும், நின்னுகிட்டு மேல இருந்து பேசுனா ஒண்ணும் காதுல விழாது அவங்களுக்கு. முட்டி வலி இருக்கறவங்க சொல்லிடுங்க, குட்டி ஸ்டூல் வெச்சிருக்கோம்.

அப்புறம் பேசறது. "சூப்பர்", "வாவ்", "செம்ம"ன்னு ஒவ்வொரு கோட்டுக்கும் சொல்லிட்டே இருந்தா குழந்தை தாள விட்டுட்டு உங்க மூஞ்சியவே பாக்க ஆரம்பிச்சிடும், ஒவ்வொரு கோடு போட்டதும் திரும்பிப் பாக்கும். அதுக்குப் பதிலா கண்ணுல படுறத சொல்லுங்க. "இந்த மூலையில பச்சைய நல்லா அமுக்கி தேச்சிருக்க", "இங்க மூணு வட்டம் இருக்கே"ன்னு. அவ்ளோ போதும், மிச்ச கதைய அதுவே சொல்லும். "இது என்ன?"ன்னு கேக்காதீங்க. பல நேரம் அது எதுவுமே கிடையாது, கை போன போக்குல போனது, நாம கேட்டுட்டா பாவம் அது அவசரமா ஏதாவது ஒரு பேர கண்டுபிடிக்க வேண்டியிருக்கு.

தீம் எப்படி முடிவு பண்றீங்க?

குழந்தை கண்ணால பாத்தது, கையால தொட்டது, வாயில போட்டதுல இருந்துதான். ஆரம்பத்துல நாங்களும் நெட்ல பாத்துட்டு பனி மனிதன், பென்குயின்லாம் பண்ணோம், பஞ்சு ஒட்டினோம், பாக்க அழகா இருந்துச்சு, ஆனா குழந்தைங்களுக்கு அதப்பத்தி பேச ஒரு வார்த்தை கூட இல்ல. அதே குழந்தைங்ககிட்ட அடுத்த வாரம் மீன் கடைன்னு தீம் வெச்சோம், அன்னைக்கு யாரையும் நிறுத்த முடியல. வஞ்சரம் விலை அதிகம், எங்க ஆயா மத்தி தான் வாங்கும், செவுள தூக்கிப் பாத்துதான் வாங்கணும்னு மூணரை வயசுப் பொண்ணு எங்களுக்கு கிளாஸ் எடுத்துச்சு.

நம்ம ஊர் காலண்டரே தீம் குடுக்கும். ஜனவரியில பானை, கரும்பு, மாடு. ஏப்ரல், மே மாசம் நுங்கு, தர்பூசணி, மாங்கா. விநாயகர் சதுர்த்திக்கு களிமண்ணு, நவராத்திரிக்கு கொலுப்படி, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, தவளை, குடை, பேப்பர் கப்பல். நடுவுல எப்போ வேணா பஸ், எலக்ட்ரிக் டிரெயின், தையல் கடை, டீக்கடை, காய்கறி வண்டி. நம்ம அங்கன்வாடிங்கள்லயும் மாசத்துக்கு ஒரு கருப்பொருள் வெச்சுதான் சொல்லித்தர்றாங்க, உங்க தெரு அங்கன்வாடி டீச்சர்கிட்ட ஒரு நாள் உக்காந்து பேசுங்க, எங்களுக்கு பல ஐடியா அங்க இருந்துதான் வந்துச்சு.

ஒரு செஷன் எப்படி போகும், நேரக்கணக்கு என்ன?

மொத்தம் ஒண்ணேகால் மணி நேரம். ஆனா ஒரே விஷயத்துல 10, 15 நிமிஷத்துக்கு மேல உக்கார வெக்காதீங்க, அந்த வயசுக்கு அதுவே ஜாஸ்தி. பஸ் தீம உதாரணமா சொல்றேன்.

வர்ற குழந்தைங்க எல்லாரும் ஒரே நேரத்துக்கு வர மாட்டாங்க, அதனால மொதல் கால் மணி நேரம் ஹால் நடுவுல சும்மா ரெண்டு வரிசை நாற்காலி போட்டு முன்னாடி ஒரு பெரிய தட்டு மட்டும் வெச்சிருந்தோம். யாரும் எதுவும் சொல்லல. மொதல்ல வந்த குழந்தை தட்ட எடுத்து ஸ்டியரிங் பிடிச்சிடுச்சு, அடுத்தது வந்து பின்னாடி உக்காந்துச்சு, பஸ் கிளம்பிடுச்சு. அப்புறம் வட்டமா உக்காந்து எந்த பஸ்ல போவ, எங்க போவன்னு பேச்சு. பெரம்பூர்ல இருந்து பெசன்ட் நகர் போற 29சி ல பீச்சுக்குப் போன கதை மூணு பேருக்கு இருந்துச்சு. அதுக்கப்புறம் கிராஃப்ட், ஆனா பஸ் படத்துக்கு கலர் அடிக்கிறது இல்ல, விளையாட்டுக்கு வேணுங்கற சாமான் செய்யிறது. கலர் பேப்பர கிழிச்சு டிக்கெட், அட்டையில நம்பர் போர்டு, பழைய பைய அலங்காரம் பண்ணி கண்டக்டர் பை. அப்புறம் அதையெல்லாம் எடுத்துக்கிட்டு மறுபடியும் பஸ் ஓடுச்சு, இந்த தடவை ஸ்டாப் எல்லாம் வந்துச்சு, விசில் வந்துச்சு, "படியில நிக்காத, உள்ள வா"ன்னு சத்தம் வந்துச்சு, மாசமா இருக்கற ஒரு அம்மாவுக்கு எந்திரிச்சு எடம் விட்டாங்க (துப்பட்டாவ வயித்துல சொருகிக்கிட்டு வந்த அஞ்சு வயசுப் பொண்ணு அது).

இதுதான் நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றது, விளையாட்டு தனி கிராஃப்ட் தனின்னு பிரிக்காதீங்க, விளையாட்டுக்கு ஒண்ணு தேவைப்படும்போது செஞ்சா குழந்தை அத உயிரக் குடுத்து செய்யும், சும்மா செவத்துல மாட்டுறதுக்குன்னா அதுக்கு என்ன அக்கறை இருக்கும் சொல்லுங்க. கடைசியா கை தட்டி ஒரு பாட்டு, தண்ணி, வீடு.

ஆமை தீம் பத்தி கேள்விப்பட்டோம், அத எப்படி பண்ணீங்க?

எங்க ஆறு வருஷத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நம்ம சென்னை கடற்கரைக்கு பங்குனி ஆமைங்க முட்டை போட வரும். ராத்திரியில மணல்ல குழி தோண்டி ஒரு தடவைக்கு சுமார் 100 முட்டை போட்டு மூடிட்டு கடலுக்குப் போயிடும். குஞ்சு பொரிய 45ல இருந்து 60 நாள் ஆகும். வெளிய வர்ற குஞ்சு வெளிச்சம் தெரியுற பக்கம் போகும், முன்னாடில்லாம் ராத்திரியில கடல்தான் வெளிச்சமா தெரியும், இப்போ ரோட்டு லைட் அதவிட வெளிச்சமா இருக்கறதால தப்பான பக்கம் நடந்து ரோட்டுக்கு வந்துடும். அதனாலதான் 1988ல இருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியா கடற்கரையில நடந்து முட்டைங்கள எடுத்து பத்திரமா பொரிக்க வெச்சு கடல்ல விடுறாங்க, வனத்துறையும் பெசன்ட் நகர்ல பொரிப்பகம் வெச்சிருக்காங்க.

இத அப்படியே விளையாட்டாக்கிட்டோம். ஹால்ல ஜன்னல் கதவ சாத்தி பாதி இருட்டு (முழு இருட்டு வேணாம், ரெண்டு பேராவது அழுவாங்க). ஒரு பக்கம் பழுப்புப் போர்வை, அது மணல். இன்னொரு பக்கம் பழைய நீலப் புடவை விரிச்சு அதுக்குப் பின்னாடி ஒரு டார்ச், அது கடல். குழந்தைங்க எல்லாம் போர்வைக்கு அடியில முட்டையா சுருண்டு படுத்துக்கிட்டாங்க, நாங்க மெதுவா நாள் எண்ணினோம், ஒவ்வொண்ணா வெளிய வந்து தவழ்ந்து நீலப் புடவைக்குப் போச்சு. ரெண்டாவது ரவுண்டுல பின்னாடி செவத்துப் பக்கம் அதவிட பெரிய டார்ச் ஒண்ணு போட்டோம். யாருமே எதுவும் சொல்லாம பாதி குஞ்சு அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. ஒரு பையன் நின்னுட்டான், "கடல் அங்க இல்ல"ன்னு கத்துனான், கத்திட்டு எந்திரிச்சு ஓடிப்போய் அந்த டார்ச்ச அவனே அணைச்சுட்டான். அவனுக்கு நாலு வயசு.

கிராஃப்ட்டுக்கு கொட்டாங்குச்சி. ஓரத்த முன்னாடி நாளே உப்புத்தாள் வெச்சு தேச்சு வெச்சிடணும், இல்லன்னா கை கிழிக்கும். கால், தலை அட்டையில, ஓட்டுக்கு மேல அவங்க இஷ்டத்துக்கு பெயின்ட். முட்டைக்கு பிங்பாங் பால் வெச்சோம், நிஜ ஆமை முட்டையும் கிட்டத்தட்ட அந்த சைஸ்தான்.

சாமானெல்லாம் எங்க வாங்குறது? நிறைய செலவாகுமா?

சார்ட், கலர் பேப்பர், அட்டை மொத்தமா வேணும்னா பாரிமுனைக்குப் போய் ஆண்டர்சன் தெருவுல வாங்குங்க, பேப்பருக்கு அந்தத் தெருதான். அங்க சில கடையில வெட்டுன மிச்ச பேப்பர் கட்டு கேட்டா எடைக்குப் போட்டுத் தருவாங்க, நமக்கு அதுவே தாராளம். களிமண்ணுக்கு கொசப்பேட்டை, பொம்மை செய்யிறவங்ககிட்டயே கேக்கலாம், வீட்டுக்குக் கொண்டு வந்ததும் ஈரத்துணி சுத்தி மூடி போட்ட பக்கெட்ல வெச்சா ரொம்ப நாள் வரும்.

மத்தபடி காசு போட வேண்டியதே இல்ல. பழைய கல்யாணப் பத்திரிகை, டெய்லர்கிட்ட துணி வெட்டுன துண்டு, ஸ்வீட் டப்பா, தேங்கா நாரு, வெங்காயத் தோல், முருங்கை ஈர்க்கு. பூவரசு இலைய சுருட்டி பீப்பி ஊதத் தெரிஞ்ச தாத்தா யாராவது தெருவுல இருந்தா கையோட கூட்டிட்டு வந்துடுங்க. தென்னை ஓலையில காத்தாடி, கைக்கடிகாரம், பாம்பு செய்யத் தெரிஞ்சவங்க வந்த அன்னைக்கு நாங்க வாங்கி வெச்சிருந்த கிட் எதையும் பிரிக்கவே இல்ல.

பசை, மாவு வீட்லயே செய்யலாமா?

செய்யலாம், நாங்க அதுதான் பண்றோம். பசைக்கு 3 டேபிள்ஸ்பூன் மைதாவ 1 கப் பச்சைத் தண்ணியில கட்டி இல்லாம கரைச்சுட்டு அப்புறமா அடுப்புல வெச்சு சின்ன தீயில கிண்டிட்டே இருங்க, வெள்ளை நிறம் மாறி கண்ணாடி மாதிரி ஆகும், எறக்கி ஆற வெச்சிடுங்க. சுடு தண்ணியில மாவ கொட்டுனா கட்டி கட்டியா ஆயிடும். நம்ம வெயிலுக்கு வெளிய வெச்சா ஒரு நாள்தான், ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு நாள். போஸ்டர் ஒட்டுறவங்களும் பைண்டிங் பண்றவங்களும் பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவாங்க, அது விஷம், குழந்தைங்க பசையில போடவே கூடாது.

விளையாட்டு மாவுக்கு 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, 1 ஸ்பூன் எண்ணெய், தண்ணி முக்கால் கப்ல ஆரம்பிச்சு பாத்துப் பாத்து ஊத்தி சப்பாத்தி மாவு பதத்துக்கு பிசையணும். மஞ்சத்தூள், பீட்ரூட் சாறு, அரைச்ச கீரைச் சாறு போட்டா மூணு கலர். உப்பு ஈரத்த இழுக்கறதால மழை நாள்ல பிசுபிசுன்னு ஆயிடும், கொஞ்சம் மைதா தூவி பிசைஞ்சா சரியாயிடும். இதுல உப்பு ரொம்ப ஜாஸ்தி, நிறைய தின்னா உடம்புக்கு நிஜமாவே ஆபத்து, அதனால எதப்பாத்தாலும் வாயில வெக்கிற குழந்தை இருக்குற குரூப்ல கொழுக்கட்டைக்கு கிளர்ற அரிசி மாவே குடுத்துடுங்க. உருட்டும், தட்டும், தின்னுட்டாலும் கவலை இல்ல.

இன்னொன்னு, மஞ்சத்தூள தண்ணியில கரைச்சு தாள்ல தடவி காய வெச்சுடுங்க. அதுமேல சோப்புத் தண்ணிய பிரஷ்ல தொட்டு வரைஞ்சா செவப்பா வரும். ஆரத்திக்கு சுண்ணாம்பு கலக்குறோமே அதே விஷயம்தான், ஆனா சுண்ணாம்பு கண்ணுல பட்டா புண்ணாக்கிடும், அதனால சோப்பு. சங்குப்பூ ஊறின நீலத் தண்ணியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சா ஊதா, ரோஸ்னு மாறும். எத்தனை தடவை பண்ணாலும் "இன்னொரு வாட்டி"ன்னு கேப்பாங்க.

குழந்தைங்க கைக்கு எது போகவே கூடாது?

இத தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க.

குண்டுமணி. செவப்பா கருப்புப் பொட்டோட அழகா இருக்கும், களிமண் பிள்ளையாருக்கு கண்ணு வெக்க சதுர்த்தி சமயத்துல எல்லா கடையிலயும் கிடைக்கும். எங்க மொதல் வருஷ பிள்ளையார் செஷனுக்கு நானே ஒரு கிண்ணம் நிறைய வாங்கிட்டு வந்து நடுவுல வெச்சுட்டேன். பேரனைக் கூட்டிட்டு வந்த ஒரு பாட்டி பாத்த உடனே கிண்ணத்த எடுத்து மடியில கட்டிக்கிட்டாங்க, "பெத்தவளா நீ, இத புள்ளைங்க முன்னாடி வெக்கிற, கடிச்சா உசுருக்கே ஆபத்துடி"ன்னு திட்டுனாங்க. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, ஓடு உடைஞ்சா உள்ள இருக்கறது கடுமையான விஷம், ஓட்டை போட்டு மணியா கோத்தது இன்னும் ஆபத்து. அந்தப் பாட்டி இன்னைக்கு வரைக்கும் எங்க கூட இருக்காங்க, சாமான் தட்டு எல்லாத்தையும் அவங்க ஒரு தடவை பாத்த பிறகுதான் வெளிய வரும். பிள்ளையாருக்கு கண்ணு இப்போ வெறும் பேப்பர் உருண்டைதான்.

அரளி, முக்கியமா மஞ்சள் பூ பூக்குற அரளி. பூ, இலை, காய், கொட்டை எல்லாமே விஷம், பாதி தெருவுல வேலி ஓரமா இருக்கும். இலை பொறுக்கப் போகும்போது மொதல்ல பெரியவங்க ஒரு ரவுண்டு போய் பாத்துட்டு வரணும். எருக்கம்பால் கண்ணுல படக்கூடாது.

பட்டன் பேட்டரி. கார்த்திகை தீபத்துக்கு வாங்குற எலக்ட்ரிக் அகல், பாட்டு பாடுற கார்டு, இதுக்குள்ள எல்லாம் இருக்கும். முழுங்குனா உணவுக்குழாய்ல மாட்டி 2 மணி நேரத்துக்குள்ளயே புண்ணாக்க ஆரம்பிச்சிடும். ஸ்க்ரூ போட்டு மூடாத எதுவும் ஹாலுக்குள்ள வரக்கூடாது. குட்டி காந்த உருண்டையும் அதே மாதிரிதான். பலூன், உடைஞ்ச துண்டு தொண்டைய அடைச்சிடும், நாங்க பலூனே வாங்குறதில்ல. தெர்மாகோல் உருண்டை, புளியங்கொட்டை, மொச்சை, பாசிமணி, இதெல்லாம் மூக்குக்கும் காதுக்கும் போகும். கூட வர்ற குட்டித் தம்பி தங்கச்சிங்க 3 வயசுக்கு கீழ இருந்தா இன்னும் கவனம், டிஷ்யூ ரோல் உள்ள இருக்குற அட்டைக்குழாய்க்குள்ள ஒரு சாமான் விழுந்துச்சுன்னா அது அவங்க கைக்கு வேண்டாம். மினுமினு தூளும் வேண்டாம், கண்ணுல போனா ரொம்ப அவஸ்தை.

ஏதாவது முழுங்கிட்டா நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108 கூப்பிடுங்க, முழுங்குன சாமானோட மிச்சத்த கையோட எடுத்துட்டுப் போங்க.

கத்திரி எந்த வயசுல குடுக்கலாம்?

முனை மழுங்கினதா இருந்தா 3 வயசுல இருந்தே. மொதல்ல பேப்பரே குடுக்காதீங்க, மாவ பாம்பு மாதிரி உருட்டி வெட்டச் சொல்லுங்க, அப்புறம் விரல் அகலத்துக்கு நீளத் துண்டு, ஒரே நறுக்குல ரெண்டாகும். கோட்டு மேல வெட்டுறது 4 வயசு வாக்குல, வட்டம் கிட்டத்தட்ட வெட்டுறது அதுக்கப்புறம். கட்டைவிரல் மேல வரணும், அதுக்கு கட்டைவிரல் நகத்துல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிட்டு "பொட்டு உன்னையே பாக்கணும்"னு சொல்லுங்க, போதும். பிளாஸ்டிக் பொம்மைக் கத்திரி எதையும் வெட்டாது, குழந்தைக்கு அழுகைதான் வரும், அத வாங்காதீங்க.

இடது கையால செய்யிற குழந்தைய மாத்தணுமா?

மாத்தவே கூடாது. வீட்ல பெரியவங்க சொல்லுவாங்க, சாப்பிடுறதுக்கு அவங்க வீட்டு வழக்கம் என்னவோ அது அவங்க பாடு, நம்ம ஹால்ல எந்தக் கையில கத்திரி எடுக்குதோ அதுதான் அதோட கை. இடது கை கத்திரி ரெண்டு தனியா வெச்சிருக்கோம், சாதா கத்திரிய இடது கையில பிடிச்சா வெட்டுற கோடு கண்ணுக்கு மறைஞ்சிடும்.

ஒரு குழந்தை எதையும் செய்ய மாட்டேன்னு உக்காந்திருந்தா?

உக்காரட்டும். ஒரு பொண்ணு ஏழு வாரம் தொடர்ந்து வந்துச்சு, அவங்க தாத்தா மடியில உக்காந்து வெறும் வேடிக்கை மட்டும்தான். பக்கத்துல ஒரு தட்டு சாமான் வெப்போம், கட்டாயப்படுத்த மாட்டோம். எட்டாவது வாரம் காய்கறி வண்டி தீம், தட்டுல இருந்த ஒரு பேப்பர் கேரட்ட எடுத்து தாத்தா சட்டைப் பையில சொருகிட்டு "பத்து ரூவா"ன்னுச்சு. எங்க ஹால்ல அந்தக் குழந்தை பேசுன மொதல் வார்த்தை. தாத்தா உடனே பர்ஸ்ல இருந்து நிஜ பத்து ரூபா எடுத்துக் குடுத்துட்டாரு, அவரு கை நடுங்குனத நான் பாத்தேன்.

அழற குழந்தைய "அழாத, எல்லாரும் பாக்குறாங்க பாரு"ன்னு சொல்லாதீங்க, அம்மாவ திருட்டுத்தனமா வெளிய அனுப்பாதீங்க. மொதல் ரெண்டு மூணு வாரம் அம்மா உள்ளேயே ஒரு ஓரமா உக்காரலாம்.

"ஒண்ணேகால் மணி நேரம் இருந்து வெறும் கிறுக்கல்தானா கொண்டு வருது?"ன்னு அப்பா அம்மா கேட்டா என்ன சொல்றது?

கண்டிப்பா கேப்பாங்க, கோச்சுக்காதீங்க, அவங்க அவ்ளோ தூரம் வண்டியில கூட்டிட்டு வர்றாங்க. பக்கத்து பிளே ஸ்கூல்ல இருந்து வர்ற கிராஃப்ட் எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கும், இருபது மயிலும் ஒரே மாதிரி, ஏன்னா அத ஒட்டுனது டீச்சர்.

நான் சொல்றது இதுதான். 3 வயசுல வட்டம் மூடத் தெரியுறதே பெரிய விஷயம், அதுக்கப்புறம் அந்த வட்டத்துல இருந்து நேரா ரெண்டு காலு மொளைக்கும், உடம்பே இருக்காது, உலகத்துல எல்லா ஊர்க் குழந்தையும் மனுஷன மொதல்ல அப்படித்தான் வரையுது. அத நாம திருத்துனா அதுவா கண்டுபிடிக்க வேண்டிய உடம்ப அதுகிட்ட இருந்து பிடுங்குன மாதிரி. மாண்டிசோரி கல்வி முறைய உருவாக்குன மரியா மாண்டிசோரி அம்மா 1939ல நம்ம அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபையில ஆசிரியர்களுக்கு பயிற்சி குடுத்தாங்க, உலகப்போர் நடந்த வருஷங்கள்ல இந்தியாவுலயேதான் இருந்தாங்க. குழந்தை தன் கையால செஞ்சுதான் கத்துக்கும், பெரியவங்க தேவையில்லாம உள்ள வரக்கூடாதுங்கறதுதான் அவங்க முறைக்கு அடிப்படை. அது எங்கேயோ வெளிநாட்டு விஷயம்னு நினைக்கிற அப்பா அம்மாகிட்ட இந்த அடையாறு கதைய சொல்லுவேன், கொஞ்சம் காது குடுப்பாங்க.

இன்னொரு வழி, குழந்தை செய்யும்போது சொன்ன ஒரு வரிய அப்படியே தாளுக்குப் பின்னாடி தேதியோட எழுதிக் குடுத்துடுறது. "இது மழை வர்றதுக்கு முன்னாடி இருக்கற இருட்டு"ன்னு பின்னாடி எழுதியிருந்தா அந்தக் கருப்புக் கிறுக்கல யாரும் குப்பையில போட மாட்டாங்க.

தமிழா இங்கிலீஷா?

தமிழ். எங்க பக்கம் ரயில்வேக்காரங்க நிறைய, தெலுங்கு, ஹிந்தி பேசுற குழந்தைங்களும் வருது, அதுங்களுக்கு சாமான காட்டி கூடவே தமிழ்ப் பேர சொல்லுவோம், ரெண்டு மாசத்துல "பசை குடு"ன்னு நம்மகிட்டயே கேக்கும். அதுங்க வீட்டுப் பேர நாங்களும் கத்துக்குவோம்.

டாய்லெட், போட்டோ, இதுக்கெல்லாம் என்ன விதி?

கூட வந்த வீட்டு ஆள்தான் டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும், அதனாலதான் ஒவ்வொரு குழந்தையோடயும் வீட்ல ஒருத்தர் ஹால் வாசல்ல இருக்கணும்னு சொல்றோம். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோட மூடின ரூம்ல தனியா இருக்கக்கூடாது, ஆணோ பெண்ணோ, எத்தனை வருஷம் பழக்கமோ, எல்லாருக்கும் ஒரே விதி. குழந்தை வேணாம்னா தூக்கக்கூடாது, முத்தம் கிடையாது. போட்டோ வீட்ல அனுமதி வாங்கித்தான், மூஞ்சி தெரியுற போட்டோ ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, கைய மட்டும் எடுங்க, பசை படிஞ்ச அந்தக் குட்டிக் கை போதும். ஒரு குழந்தைக்கு ஏதோ சரியில்லன்னு மனசுல பட்டா தள்ளிப் போடாம எங்ககிட்ட சொல்லுங்க, குழந்தைங்களுக்கான உதவி எண் 1098, அது ஹால் செவத்துலயே பெருசா எழுதியிருக்கு.

ஆம்பளைங்க வரலாமா?

அவசியம் வரணும். மேல சொன்ன விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.

வெயில், மழை நாள்ல ஏதாவது மாத்தணுமா?

மே மாசம் ஃபேன் இல்லாம உக்கார முடியாது, ஃபேன் போட்டா பேப்பர் பறக்கும், அதனால அந்த மாசம் பேப்பர் ஒட்டுற வேலையே வெக்க மாட்டோம். தண்ணி விளையாட்டு, களிமண்ணு, நுங்கு சக்கரத்துல வண்டி, ஐஸ் கட்டிக்குள்ள செம்பருத்திப் பூ வெச்சு உறைய வெச்சு அத உருக்கி வெளிய எடுக்குறது, இப்படி. நவம்பர்ல பெயின்ட் காயவே காயாது, ஈரத் தாள மடிச்சு அனுப்புனா வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கிழிஞ்சு குழந்தை அழும், அதனால க்ரேயான் மட்டும், இல்லன்னா கொடி கட்டி கிளிப் போட்டு அடுத்த வாரம் குடுப்போம். தெருவுல தண்ணி நின்னா செஷன் கேன்சல், காலையில 8 மணிக்குள்ள குரூப்ல மெசேஜ் வந்துடும்.

முடிஞ்சதும் சுத்தம் பண்றது யாரு?

குழந்தைங்களும் நாமளும். மூடி போடறது, க்ரேயான் பொறுக்கி டப்பாவுல வெக்கிறது, தட்டு அடுக்குறது அவங்க வேலை, அத பிடிச்சுத்தான் செய்வாங்க, அவசரப்பட்டு நீங்க பண்ணிடாதீங்க. தரையில விரிச்ச பேப்பர நாலு மூலையும் பிடிச்சு தூக்குனா குப்பை மொத்தமும் உள்ளயே வந்துடும். மாவு மிச்சத்த பைப்ல கரைச்சு விட்டுடாதீங்க, அடைச்சுக்கும், குப்பையிலதான் போடணும். உதவிக்கு வர்றவங்க 9:15க்கு வந்துடுங்க, கறை பட்டா பரவாயில்லங்கற பழைய துணி போட்டுக்கிட்டு, மோதிரம், தொங்குற ஜிமிக்கி கழட்டி வெச்சுட்டு, வீட்ல இருக்குற பழைய நியூஸ்பேப்பர் ஒரு கட்டு எடுத்துட்டு வாங்க. இந்த வாரம் தீம் டீக்கடை, பாட்டி தட்டு பாக்க வந்துடுவாங்க, பழைய பித்தளை டவரா யார் வீட்லயாவது இருந்தா சொல்லுங்க, நாலு குறையுது.